எழுதி வைக்கிறார்கள், சரி. யார் படிக்கிறார்கள்?

திருச்சிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் தன் 78 வயது அத்தையைச் சேர்த்திருக்கும் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "வாரா வாரம் பிரஷர், மாதா மாதம் எடை, சர்க்கரை, கீழே விழுந்தால் அது, சாப்பிடாவிட்டால் அது என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதுகிறார்கள். இப்போது அத்தனையையும் ஒரு செயலியில் ஏற்றப் போவதாகச் சொல்லி, உறவினர் கையெழுத்துக்கு ஒரு படிவம் தந்திருக்கிறார்கள். இவ்வளவு விவரம் எதற்கு? யாருக்குப் பயன்? கையெழுத்துப் போடலாமா?"

நான் செவிலியர். பதினோரு ஆண்டுகள் அமெரிக்காவில் முதியோர் இல்லங்களில் வேலை பார்த்தேன். அதில் கடைசி ஆறு ஆண்டுகள், அங்கே தங்கியிருப்பவர்களின் உடல்நிலையைக் கேட்டும் பார்த்தும் அரசாங்கப் படிவத்தில் பதிவதுதான் என் முழுநேர வேலை. ஊர் திரும்பிய பிறகு இங்கே இரண்டு இல்லங்களுக்கு வாரம் ஒரு முறை போய் வருகிறேன். அதனால் இந்தக் கேள்வியை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

எழுதப்பட்ட ஓர் எண்ணைப் பார்த்து, அந்த இல்லத்தில் இருக்கும் யாராவது ஒருவர் மறுநாள் காலையில் எதையாவது மாற்றிச் செய்வார் என்றால், அந்த எண்ணால் உங்கள் அத்தைக்குப் பயன் உண்டு. அப்படி யாரும் செய்யப் போவதில்லை என்றால், அது நோட்டில் இருந்தாலும் செயலியில் இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். நான் சொல்லப் போகும் மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்தான்.

முதலில் எடை. கேட்பதற்குச் சாதாரண விஷயம். ஆனால் முதியவர்களைப் பொறுத்தவரை எனக்கு ஒரே ஓர் எண்தான் எழுத அனுமதி என்றால் எடையைத்தான் எழுதுவேன். நான் போகும் ஓர் இல்லத்தில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி இருந்தார். ஜனவரியில் 52 கிலோ. பிப்ரவரியில் 51.2. அப்புறம் 50.1, 49.2, 48.1, 47.3. ஜூலையில் 46.5. ஒவ்வொரு மாதமும் ஒழுங்காக எடுத்திருக்கிறார்கள், ஒழுங்காக எழுதியிருக்கிறார்கள். ஆனால் யாருக்கும் தெரியவில்லை. காரணம் கவனக்குறைவு என்று சொல்ல மாட்டேன். நோட்டு இருந்த விதம் அப்படி. ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு பக்கம், அந்தப் பக்கத்தில் இல்லத்திலுள்ள நாற்பது பேரின் எடையும் வரிசையாக. ஜூலை மாதப் பக்கத்தைத் திறந்தால் "46.5" என்று இருக்கிறது, அவ்வளவுதான். மெலிந்த பாட்டி, மெலிந்த எண். அதற்கு முந்தைய பக்கத்தைப் புரட்டினாலும் ஒரு கிலோகூட வித்தியாசம் இல்லை. ஆறு பக்கத்தையும் சேர்த்துப் புரட்டினால்தான் ஆறு மாதத்தில் உடம்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது என்று புரியும்.

பாட்டியோடு உட்கார்ந்து சாப்பாட்டைப் பார்த்தோம். பொரியலை அப்படியே ஒதுக்கிவிட்டு, ரசம் சாதத்தில் பாதியை மட்டும் விழுங்கினார். ஈறு சுருங்கி பல்செட் லொடலொடவென்று ஆடுகிறது. மென்றால் வலிக்கிறது. "யாருக்குத் தொந்தரவு" என்று சொல்லாமலே இருந்திருக்கிறார். பல் மருத்துவரிடம் காட்டி சரிசெய்ய மூன்று வாரம் ஆனது. அதுவரை குழைந்த சாதம், முட்டை, கேழ்வரகுக் கூழ். நான்கு மாதத்தில் 49 கிலோவுக்கு வந்தார். அன்றே அந்த நோட்டைத் தூக்கி வைத்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் போட்டோம். ஒருவரின் பன்னிரண்டு மாதமும் ஒரே பக்கத்தில், மேலிருந்து கீழாக. இதற்கு எந்தச் செயலியும் தேவைப்படவில்லை.

அமெரிக்கப் படிவத்தில் இதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது: 30 நாளில் 5 சதவீதம், அல்லது 180 நாளில் 10 சதவீதம் எடை குறைந்தால், மருத்துவர் சொல்லிக் குறைத்ததாக இல்லாத பட்சத்தில், அது கண்டிப்பாகப் பார்க்க வேண்டிய விஷயம். 50 கிலோ ஆளுக்கு ஒரு மாதத்தில் இரண்டரைக் கிலோ. இதை உங்கள் அத்தையின் எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எழுந்து எடைமேடையில் நிற்க முடியாதவர் என்றால் தையல்காரர் டேப் போதும். மேற்கையின் நடுவில் சுற்றளவு 23.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் உடம்பு தேவைக்குக் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பிரஷர், சர்க்கரை பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எல்லோரும் எடுக்கிறார்கள். ஒன்று மட்டும்: உட்கார வைத்து எடுப்பதோடு, அவ்வப்போது படுத்திருக்கும்போது ஒரு முறையும் எழுந்து நின்ற பின் மூன்று நிமிடத்துக்குள் இன்னொரு முறையும் எடுக்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், தலைசுற்றி விழக்கூடியவர் என்று அர்த்தம். மாத்திரை அளவு கூடுதலாக இருக்கலாம்.

விழுவதைப் பற்றி எழுதுவதுதான் பெரும்பாலான இல்லங்களில் மிக மோசமாக நடக்கிறது. "பாத்ரூமில் வழுக்கி விழுந்தார், காயமில்லை" என்று ஒரு வரி. இந்த வரியை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எத்தனை மணி, எங்கே, எதற்காக எழுந்தார், காலில் என்ன செருப்பு, விளக்கு எரிந்ததா, அன்று புதிதாக ஏதாவது மாத்திரை ஆரம்பித்தார்களா என்று எழுத வேண்டும். இன்னோர் இல்லத்தில் மூன்று மாதத்தில் ஏழு பேர் விழுந்திருந்தார்கள். நேரத்தை மட்டும் தனியாக எழுதி அடுக்கிப் பார்த்தபோது, ஐந்து பேர் விழுந்தது விடியற்காலை மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில், கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் போகும் வழியில். அந்த ஐவரில் மூன்று பேருக்கு, நீர் பிரியச் செய்யும் மாத்திரையை இரவுச் சாப்பாட்டோடு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மருத்துவரிடம் கேட்டு அதைக் காலைக்கு மாற்றினோம். நடைவழியில் இரண்டு சின்ன விளக்குகள். இரவுப் பணியிலிருக்கும் பெண் மூன்று மணிக்கு ஒரு சுற்று வந்து "கழிப்பறை போகணுமா பாட்டி?" என்று கேட்க ஆரம்பித்தார். அடுத்த மூன்று மாதத்தில் இரண்டு பேர்தான் விழுந்தார்கள். எண்ணிக்கை சின்னது, இதை வைத்துப் பெரிய முடிவுக்கெல்லாம் நான் வர மாட்டேன். ஆனால் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழும் ஒருவரையாவது அது காப்பாற்றியிருக்கும் என்று மனதார நம்புகிறேன்.

படுக்கைப் புண் விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. அழுத்தத்தால் தோல் சிவப்பதுதான் முதல் அறிகுறி என்று எல்லாக் கையேட்டிலும் இருக்கும். நம் தோல் நிறத்தில் அந்தச் சிவப்பு தெரியாது. தொட்டுப் பார்க்க வேண்டும்: சுற்றியிருக்கும் இடத்தைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழவென்றோ இருக்கிறதா, தொட்டால் முகம் சுளிக்கிறாரா. குளிப்பாட்டும் ஆயாதான் இதை முதலில் கண்டுபிடிப்பவர். ஆனால் பெரும்பாலும் எழுதும் பேனா அவர் கையில் இருப்பதில்லை. அவர் பார்த்ததை யாரிடம் சொல்வது, அதை யார் எழுதுவது என்று ஒரு ஏற்பாடு இல்லாத இல்லத்தில் என்ன விலை கொடுத்து வாங்கிய மென்பொருளும் உதவாது.

அடுத்து மருந்துப் பட்டியல். இங்கே நான் கொஞ்சம் கோபமாகவே எழுதுவேன். இதயத்துக்கு ஒரு மருத்துவர், சர்க்கரைக்கு ஒருவர், மூட்டுவலிக்கு ஒருவர், நடுவில் ஒரு முறை மருத்துவமனையில் சேர்ந்து வந்தபோது அவர்கள் தந்த சீட்டு ஒன்று. நம் நாட்டில் ஒரே மருந்து பத்து இருபது வணிகப் பெயர்களில் கிடைக்கிறது. அம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரையை இரண்டு பெயர்களில் இரண்டு வேளையும் விழுங்கிக்கொண்டு, கால் வீங்கி, அந்த வீக்கத்துக்கு மூன்றாவதாக ஒரு மாத்திரையும் சாப்பிட்ட தாத்தாவைப் பார்த்திருக்கிறேன். அவருடைய நோட்டில் மூன்றும் சரியாக எழுதப்பட்டிருந்தன. வணிகப் பெயருக்குப் பக்கத்தில் உள்ளே இருக்கும் மருந்தின் பெயரையும் எழுதியிருந்தால் பள்ளிக்கூடப் பையன்கூடக் கண்டுபிடித்திருப்பான். இல்லத்தில் ஒருவருக்கு ஒரே பட்டியல்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு மருந்துக்கும் எதற்காக, யார் எழுதியது, எப்போது ஆரம்பித்தது என்ற மூன்றும் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒரு மருத்துவர் அதை முழுசாகப் பார்த்து, தேவையில்லாததை நிறுத்த வேண்டும். தூக்க மாத்திரை எதற்கு ஆரம்பித்தது என்று யாருக்குமே நினைவில்லாமல் ஐந்து வருடமாக ஓடிக்கொண்டிருக்கும்.

வலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. "வலி இருக்கிறதா?" என்று கேட்டால் நம் பாட்டிமார்கள் "ஒண்ணுமில்லம்மா, நல்லா இருக்கேன்" என்பார்கள். மறதி நோய் முற்றியவர்களுக்குக் கேள்வியே புரியாது. அப்படிப்பட்டவர்களுக்காகவே 2003இல் அமெரிக்காவில் ஐந்து குறிப்புகள் கொண்ட ஓர் அளவுகோல் வெளியானது: மூச்சு, வாயிலிருந்து வரும் சத்தம், முகபாவம், உடம்பு இறுகியிருக்கிறதா, ஆறுதல் சொன்னால் அடங்குகிறாரா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை. புரட்டிப் படுக்க வைக்கும்போது இதைப் பார்த்தால், "அடம்பிடிக்கிறார், அடிக்க வருகிறார்" என்று எழுதப்பட்ட பலருக்கு உண்மையில் இடுப்பு வலிதான் என்று தெரியவரும். அவர்களுக்குத் தேவை பாரசிட்டமால். கொடுக்கப்படுவதோ மயக்கும் மருந்து.

சரி, இவ்வளவு எழுத வேண்டும் என்று யார் முடிவு செய்தது? இந்த விஷயத்தில் உலகத்திலேயே அதிக அனுபவம் அமெரிக்காவுக்குத்தான் இருக்கிறது. நல்லதும் கெட்டதும். 1970களிலும் 80களிலும் அங்கே முதியோர் இல்லங்களின் நிலை பற்றித் தொடர்ந்து புகார்கள். 1986இல் அந்நாட்டு மருத்துவக் கழகம் ஒரு பெரிய அறிக்கை தந்தது. ஒவ்வொருவரின் நிலையையும் ஒரே மாதிரியாக மதிப்பிட ஒரு படிவம் வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. 1987 டிசம்பரில் சட்டமாயிற்று. அப்படிப் பிறந்ததுதான் 'குறைந்தபட்சத் தரவுத் தொகுப்பு', எங்கள் பேச்சில் எம்.டி.எஸ். சேர்ந்த 14 நாளுக்குள் முழு மதிப்பீடு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை சுருக்கமாக, ஆண்டுக்கு ஒரு முறை மறுபடி முழுதாக, நடுவில் உடல்நிலையில் பெரிய மாற்றம் வந்தால் அப்போதும். குறைந்தபட்சம் என்று பெயர், பக்கங்களோ பல பத்து.

அது செய்த நன்மையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு காலத்தில் அங்கே விழாமல் இருக்கட்டும் என்று முதியவர்களைக் கட்டிலிலும் நாற்காலியிலும் கட்டி வைப்பது வழக்கம். 1980களின் கடைசியில் பத்துப் பேரில் நான்கு பேர் வரை அப்படிக் கட்டப்பட்டிருந்ததாக மதிப்பீடுகள் உண்டு. கட்டுவதை ஒவ்வொரு முறையும் படிவத்தில் எழுத வேண்டும், எழுதியதை வெளியிலிருந்து ஒருவர் வந்து கேட்பார் என்று ஆனதும் அந்த வழக்கம் வேகமாகச் சரிந்தது. இருபது ஆண்டுகளில் இருபதில் ஒருவர் என்ற அளவுக்கு வந்துவிட்டது. படிவம் மட்டும் இதைச் செய்யவில்லை. சட்டமும் தடை போட்டது, ஆய்வாளர்களும் வந்தார்கள். ஆனால் எழுத ஆரம்பித்த பிறகுதான் எவ்வளவு பேரைக் கட்டுகிறோம் என்று அவர்களுக்கே தெரிந்தது.

2010 அக்டோபரில் வந்த மூன்றாம் பதிப்பில் எனக்குப் பிடித்த ஒரு மாற்றம் நடந்தது. அதுவரை பெரும்பாலும் ஊழியர்கள் பார்த்து எழுதியதை, இனி அந்த முதியவரையே நேரில் கேட்டு எழுத வேண்டும் என்றார்கள். "என்ன உடுத்துவது என்று நீங்களே முடிவு செய்வது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? எப்போது தூங்கப் போவது என்பது? உங்களுக்குப் பிடித்த பாட்டைக் கேட்பது? வெளியில் போய்க் காற்று வாங்குவது?" இவையெல்லாம் அரசாங்கப் படிவத்தில் இருக்கும் கேள்விகள். வாயே திறக்காதவர் என்று எழுதப்பட்டிருந்த ஒருவர், செல்லப் பிராணிகளைப் பற்றிய கேள்வி வந்ததும் அரை மணி நேரம் தன் நாயைப் பற்றிப் பேசினார். உங்கள் அத்தையின் இல்லத்தில் இருக்கும் படிவத்தில் இப்படி ஒரு பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். அவரை எந்தப் பெயரில் கூப்பிட வேண்டும், காபியா டீயா, விடியற்காலையில் குளிப்பவரா, வெள்ளிக்கிழமை விளக்கேற்ற வேண்டுமா. மறதி வந்த பிறகு இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. இப்போதே எழுதி வைக்க வேண்டிய உடல்நலத் தகவல் என்றே இதை நான் நினைக்கிறேன்.

அதே படிவத்தில் நினைவாற்றல் சோதனை ஒன்றும் உண்டு. மூன்று சொற்களைச் சொல்லி, பின் வருடம், மாதம், கிழமை கேட்டு, 15க்கு மதிப்பெண். இதை அப்படியே தமிழாக்கி இங்கே ஒரு பாட்டியிடம் ஒருவர் கேட்டதைப் பார்த்தேன். "இது என்ன மாசம்?" "ஆடி அமாவாசை போயி மூணு நாளாச்சு." ஆகஸ்ட் என்று சொல்லவில்லை என்பதற்காக மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். சோதனை நடத்தியவரைவிட அந்தப் பாட்டிக்கு நாள் துல்லியமாகத் தெரிந்திருந்தது. பள்ளிக்கூடம் போகாதவர்களை ஏடறிந்தவர்களுக்காகச் செய்த கேள்விகளால் அளந்தால் மறதி நோய் இல்லாதவருக்கும் அந்த முத்திரை விழும். இதைச் சரிசெய்வதற்காகவே பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து '10/66' என்ற பெயரில் ஒரு குழு அமைத்தார்கள். மறதி நோயாளிகளில் 66 சதவீதத்தினர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வுகளில் பத்து சதவீதம்கூட அங்கே நடப்பதில்லை என்பதைக் குறிக்கும் பெயர் அது. சென்னையும் வேலூரும் அவர்களுடைய ஆய்வுக் களங்களில் அடக்கம். படிப்பறிவு குறைவாக இருந்தாலும் தவறாகக் காட்டாத முறைகளை அவர்கள் சோதித்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் அத்தைக்கு "நினைவாற்றல் குறைவு" என்று எழுதியிருந்தால், எந்தக் கேள்விகளைக் கேட்டு அப்படி எழுதினார்கள் என்று கேளுங்கள்.

இனி கெட்ட பக்கம். இதைச் சொல்லாமல் விட்டால் பாதி பதில்தான் ஆகும்.

1998இலிருந்து, மருத்துவமனையிலிருந்து வந்து குறுகிய காலம் தங்குபவர்களுக்காக அமெரிக்க அரசு தரும் பணம் இந்தப் படிவத்தை வைத்தே கணக்கிடப்பட்டது. 2008 டிசம்பரில் ஒவ்வோர் இல்லத்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதற்கும் ஆதாரங்களில் ஒன்று இதே படிவம். நிரப்புவது யார்? அந்த இல்லமேதான். பரீட்சை எழுதுபவரே திருத்துவது போல. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெரிய காயத்தோடு விழுந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட முதியவர்களின் காப்பீட்டு ரசீதுகளை, இல்லங்கள் நிரப்பிய படிவத்தோடு ஒப்பிட்டார்கள். ரசீதில் இருந்த சம்பவங்களில் 57.5 சதவீதம்தான் படிவத்தில் இருந்தது.

மனநோய் மருந்துகளின் கதை இதைவிட வருத்தமானது. மறதி நோயுள்ள முதியவர்களுக்கு அந்த மருந்துகள் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே கடுமையான எச்சரிக்கை தந்தது. 2012இல் அரசு இந்தப் பயன்பாட்டைக் குறைக்க ஓர் இயக்கம் தொடங்கி, ஒவ்வோர் இல்லமும் எத்தனை பேருக்குக் கொடுக்கிறது என்று வெளியிட்டது. ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்) போன்ற சில நோய்கள் உள்ளவர்களுக்கு மட்டும் கணக்கிலிருந்து விலக்கு. எண்ணிக்கை இறங்கியது. எல்லோரும் மகிழ்ந்தார்கள். 2021இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் தோண்டிப் பார்த்தபோது, இல்லங்களில் ஒன்பது பேருக்கு ஒருவர் ஸ்கிசோஃப்ரினியா நோயாளி என்று பதிவாகியிருந்தது தெரிந்தது. பொது மக்களிடையே அது ஏறக்குறைய 150 பேருக்கு ஒருவர். எண்பது வயதில் புதிதாக வருவது மிக அரிதான ஒரு நோய், மருந்தை நிறுத்துவதற்குப் பதிலாகப் படிவத்தில் முளைத்திருக்கிறது. 2023 ஜனவரியில் அரசு இதற்கென்றே தணிக்கை தொடங்கியது. அதுவரை அந்த முத்திரையோடு இறந்துபோனவர்களின் கோப்புகளை யாரும் திருத்தப் போவதில்லை.

எனக்கும் அந்த நெருக்கடி வந்திருக்கிறது. விழுந்த ஒருவருக்கு மணிக்கட்டு எலும்பில் மயிரிழை விரிசல். "இதைப் பெரிய காயம் என்று போடத்தான் வேண்டுமா?" என்று மேலாளர் ஒருவர் மென்மையாகக் கேட்டார். எலும்பு முறிவு என்றால் பெரிய காயம்தான், விதியில் தெளிவாக இருக்கிறது என்று சொல்லிப் பதிந்தேன். அன்று வீட்டுக்குப் போய் நெடுநேரம் தூக்கம் வரவில்லை. அந்த மேலாளர் கெட்டவர் அல்ல. நட்சத்திரம் ஒன்று குறைந்தால் ஆட்கள் சேர மாட்டார்கள், ஊழியர்களைக் குறைக்க வேண்டிவரும் என்ற பயம் அவருக்கு.

இதற்கு மாற்று உண்டா என்றால் உண்டு. எத்தனை செவிலியர்கள் எத்தனை மணி நேரம் இருந்தார்கள் என்பதையும் முன்பு இல்லங்களே சொல்லிக்கொண்டிருந்தன. 2016இலிருந்து அதைச் சம்பளப் பதிவேட்டிலிருந்து எடுக்க ஆரம்பித்தார்கள். 2018இல் நட்சத்திரக் கணக்கிலும் சேர்த்தார்கள். சனி, ஞாயிறுகளில் ஆட்கள் எவ்வளவு குறைவு என்பது அப்போதுதான் வெளியில் தெரிந்தது. வேறொரு காரியத்துக்காக எப்படியும் எழுதப்படும் கணக்கை எடுத்துக்கொண்டால் வளைப்பது கடினம்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியா 2019 ஜூலையில் படுக்கைப் புண், கட்டி வைத்தல், திட்டமிடாத எடை இழப்பு என்று மூன்றே மூன்றைக் கட்டாயமாக்கி, பிறகு படிப்படியாகக் கூட்டியது. மூன்றில் தொடங்கியது புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. நியூசிலாந்து 2015இலிருந்து இல்லங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பீட்டு முறையை வைத்திருக்கிறது. இங்கிலாந்தில் கொரோனா வந்த 2020இல், இல்லங்களில் தங்கியிருக்கும் ஒவ்வொருவரைப் பற்றியும் நாடு தழுவிய தொடர் பதிவு எதுவும் இல்லை. காலிப் படுக்கை எத்தனை என்று கேட்க முடிந்ததே தவிர, உள்ளே இருப்பவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்க வழியில்லை. அதே இங்கிலாந்தில் சட்டன் என்ற இடத்தில் 2015இல் தொடங்கிய ஒரு எளிய ஏற்பாட்டை மட்டும் நாம் நாளைக்கே எடுத்துக்கொள்ளலாம்: ஒரு சிவப்புப் பை. இல்லத்திலிருந்து ஆம்புலன்ஸில் ஏறும் முதியவரோடு அவருடைய நோய் விவரம், மருந்துப் பட்டியல், மாத்திரைகள், கண்ணாடி, காதுக்கருவி, பல்செட் எல்லாம் அதில் போகும், திரும்பி வரும்போது அதிலேயே மருத்துவமனையின் சீட்டும் வரும். இரவு பதினொரு மணிக்கு அவசரப் பிரிவில் "என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் நின்ற யாருக்கும் அந்தப் பையின் அருமை புரியும்.

நம் நாட்டில் கட்டாயப் படிவம் என்று ஒன்று இல்லை. 2007ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டம் மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது, ஆதரவற்ற 150 பேருக்காவது இடமளிப்பதாக, அரசு அமைக்கலாம் என்கிறது. உள்ளே இருப்பவர்களின் உடல்நிலையை எப்படிப் பதிவது என்ற இடத்துக்கு நாம் இன்னும் வரவில்லை. முதுமை பற்றி 2017–18இல் நடந்த நாடு தழுவிய பெரிய ஆய்வுகூட, 72,000க்கும் மேற்பட்டவர்களைச் சந்தித்தது என்றாலும், வீடு வீடாகப் போய் எடுத்தது. இல்லத்தில் இருக்கும் உங்கள் அத்தை அந்தக் கணக்கில் வர வாய்ப்பே கிடையாது. தமிழ்நாட்டில் 2021 மதிப்பீட்டின்படி 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 சதவீதம். இவ்வளவு வேகமாக மூப்படையும் மாநிலத்தில், இல்லங்களில் எத்தனை பேருக்குப் படுக்கைப் புண் என்று கேட்டால் சொல்ல ஆளில்லாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

இப்போது கையெழுத்து. உங்களிடம் படிவத்தை நீட்டியதே தவறான இடம். அத்தைக்கு 78 வயது, கேட்டால் புரிகிறது என்றால் சம்மதம் சொல்ல வேண்டியவர் அவர்தான். தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் சொன்ன தீர்ப்பு எழுபத்தெட்டு வயதுக்காரருக்கும் சேர்த்துத்தான். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், எதற்காக எடுக்கிறோம் என்று தெளிவாகச் சொல்லிச் சம்மதம் வாங்கச் சொல்கிறது. என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்க, தவறைத் திருத்தச் சொல்ல, சம்மதத்தைத் திரும்பப் பெற உரிமை தருகிறது. தனக்குப் பிறகு அந்த உரிமைகளை யார் பார்த்துக்கொள்வது என்று ஒருவரை நியமிக்கவும் இடம் இருக்கிறது. அதன் விதிகள் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன.

மறதி இருந்தால்கூட அவரிடம் கேட்காமல் விடாதீர்கள். சாயங்காலத்தில் குழம்புபவர்கள் பலர் காலையில் தெளிவாக இருப்பார்கள். காலைக் காபி குடித்த பின், பத்து மணி வாக்கில், பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க எடை, மாத்திரை விவரமெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தப் போறாங்களாம் அத்தை, உங்களுக்குச் சம்மதமா? யார் பார்க்கலாம், யார் பார்க்க வேணாம்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதில் உங்களை ஆச்சரியப்படுத்தக்கூடும். "டாக்டர் பார்க்கட்டும், உன் சித்தப்பா பையன் பார்க்க வேணாம்" என்பார்.

இல்லத்து நிர்வாகியிடம் கேட்க வேண்டியவையும் இருக்கின்றன. செயலி நிறுவனம் இந்தத் தகவலை வேறு யாருக்காவது, குறிப்பாகக் காப்பீட்டு நிறுவனத்துக்கோ மருந்து நிறுவனத்துக்கோ, கொடுக்குமா? இல்லத்தில் யார் யார் எதைப் பார்க்க முடியும்? சமையல்காரருக்குச் சர்க்கரை இருப்பது தெரிய வேண்டும், பழைய மனநல சிகிச்சை தெரியத் தேவையில்லை. நாளைக்கு அத்தை வேறு இல்லத்துக்கு மாறினால் முழு விவரமும் கையில் கிடைக்குமா, அல்லது அந்தச் செயலிக்குள்ளேயே மாட்டிக்கொள்ளுமா? மின்சாரம் போன இரவில் மருந்துப் பட்டியல் காகிதத்தில் இருக்குமா? ஆபா எண்ணோடு (அரசின் டிஜிட்டல் உடல்நலக் கணக்கு எண்) இணைக்கிறோம் என்றால், அது கட்டாயமல்ல, அத்தையின் விருப்பம். இவற்றுக்கு நேரான பதில் வந்தால், என் கருத்தில், சம்மதிக்கலாம். நன்றாகப் பயன்படுத்தப்படும் செயலி, எடை இறங்கும்போது தானாகவே எச்சரிக்கும். நான் பக்கம் பக்கமாகப் புரட்டிக் கண்டுபிடித்ததை அது உடனே சொல்லிவிடும். நேரான பதில் வராவிட்டால் கொஞ்சம் பொறுங்கள். இல்லத்துக்கு வரும் மருத்துவரின் பதிவுகளைப் பொறுத்தவரை, நோயாளியோ அவர் சார்பில் வருபவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிமுறை இருக்கிறது. அதைத் தயங்காமல் கேளுங்கள்.

செயலியைப் பற்றி இவ்வளவு பயப்படும் நாம், வாட்ஸ்அப்பைப் பற்றி யோசிப்பதே இல்லை. பாட்டியின் படுக்கைப் புண்ணைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போடுகிறார்கள். அதில் மருமகனின் தம்பி வரை இருபத்தேழு பேர். அன்னதானம் செய்ய வந்த குடும்பம் படுக்கைத் தலைமாட்டில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் யாருக்கு என்ன நோய் என்று வாசித்துக்கொண்டே போகிறது. அந்தக் காகிதத்தைத் திருப்பி ஒட்டச் சொல்வதற்கு எந்தச் சட்டமும் வர வேண்டியதில்லை. நீங்களே அடுத்த முறை போகும்போது சொல்லிவிடலாம்.

அப்படிப் போகும்போது அத்தையின் எடையையும் கேளுங்கள். இந்த மாதத்து எடை மட்டும் போதாது, கடைசி ஆறு மாதத்தையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிக் காட்டச் சொல்லுங்கள். பக்கம் பக்கமாகப் புரட்டித் தேடுகிறார்கள் என்றால், எல்லோருக்கும் ஆளுக்கொரு பக்கம் வருகிற மாதிரி ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள். முதல் பக்கத்தில் அத்தையின் பெயரை நீங்களே எழுதுங்கள். அவர் தன்னை எப்படிக் கூப்பிடச் சொல்கிறாரோ அந்தப் பெயரை.